இலவச வாசிப்பான்

புரோகிராமை எழுதியவள் உமையாள். ஆனால் அதை வாசிக்கும் உரிமை உமையாளுக்கு இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது.

மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவள் வேலை பார்க்கும் மேலவயல் அறக்கட்டளை மருத்துவமனையின் மூன்று ஒர்க்ஸ்டேஷன்களுக்கும் வயதாகிவிட்டது, வரும் முப்பதாம் தேதிக்குப் பிறகு அவற்றில் எங்கள் புரோகிராம் மொழியான 'வலசை' ஓடாது, இத்தனை வருடம் எங்களோடு இருந்ததற்கு நன்றி என்று ஒரு கடிதம் வந்தது. கடிதத்தின் அடியில் ஒரு தாமரைப் பூ வேறு போட்டிருந்தார்கள். உமையாள் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இரண்டாவது தடவை அந்தப் பூவைப் பார்த்துத்தான் அதிகம் எரிச்சல்பட்டாள்.

நாற்பது படுக்கை கொண்ட மருத்துவமனை அது. சுற்றிலும் கல்குவாரிகள். நுரையீரலில் கல்தூசி படிந்து ஆக்சிஜன் இல்லாமல் வாழ முடியாதவர்கள் ஆறு பேர் எந்நேரமும் உள்நோயாளிகளாக இருப்பார்கள். கட்டடத்துக்குப் பின்னால் திரவ ஆக்சிஜன் டாங்கி. அங்கிருந்து சுவர் வழியாகக் குழாய். டாங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது, தீர்ந்தால் கையிருப்பு சிலிண்டர் வரிசையைத் திறந்துவிடுவது, லாரிக்காரர்களுக்குச் சொல்வது எல்லாம் உமையாள் எட்டு வருடத்துக்கு முன் வலசையில் எழுதிய புரோகிராமின் வேலை. முப்பதாம் தேதிக்குப் பிறகு அந்த வேலையை யார் செய்வது என்பதுதான் கேள்வி.

கம்ப்யூட்டர் அறைக்கும் வார்டுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதை ஒட்டிய நாலாம் நம்பர் கட்டிலில் பஞ்சவர்ணம் இருந்தாள். முப்பத்தெட்டு வயது, அதில் பத்தொன்பது வருடம் குவாரியில் ஜல்லி உடைத்தவள். ஒரே மூச்சில் நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியாது. ஆனால் அந்த நாலு வார்த்தையில் ஆளைக் கேலி செய்துவிடுவாள். ஒர்க்ஸ்டேஷனுக்குப் 'பொட்டி' என்று பெயர் வைத்தவளும் அவள்தான். அன்றைக்கு உமையாள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டாள்.

“நான் எழுதினதை அந்தப் பொட்டிக்குப் படிக்கத் தெரியாதும்மா. ஒவ்வொரு வரியாப் படிச்சு, இன்னது செய்யின்னு பொட்டிக்குச் சொல்ல நடுவுல ஒரு ஆள் வேணும். இங்கிலீஷ்ல இன்டர்பிரெட்டர்னு சொல்வாங்க, நாங்க வாசிப்பான்னு சொல்றது. எழுதினது நான். வாசிக்கிற ஆள் கம்பெனி ஆள். அவனைக் கூட்டிட்டுப் போறோம்னு எழுதியிருக்காங்க.”

பஞ்சவர்ணம் மூச்சை இழுத்துக்கொண்டாள். “வேற ஆளைப் பாரு, தாயி,” என்றாள். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, “ஊர்ல ஆளா இல்ல,” என்றாள்.

அதைத்தான் உமையாள் செய்தாள். புது ஒர்க்ஸ்டேஷன் வாங்க அறக்கட்டளைக்கு வழியில்லை; பழைய ஒர்க்ஸ்டேஷனில் ஓடக்கூடிய இலவச வாசிப்பான் எங்கே கிடைக்கும் என்று உலகம் பூராவும் தேடினாள். இலவசம் என்ற வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று அந்தப் பத்து நாளில்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு வாசிப்பான் நூறு வரி வரைக்கும் இலவசம். நூற்றியோராவது வரியில் வாயை மூடிக்கொள்ளும். இன்னொன்று மாணவர்களுக்கு மட்டும். கோவையில் ஒரு கல்லூரி தன் ஒர்க்ஸ்டேஷன்களுக்காகச் செய்துவைத்தது நன்றாகவே இருந்தது, ஆனால் அந்த ரக ஒர்க்ஸ்டேஷன் இப்போது உலகத்தில் அந்தக் கல்லூரியின் பரணில்தான் இருக்கிறது. டொரன்டோவில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் எழுதியது அழகாக ஓடி, ரகரமும் றகரமும் வந்த இடத்தில் மட்டும் குழம்பியது. அவருக்கு எழுதிக் கேட்டால், அதைச் சரிசெய்வதற்குள் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது, மன்னிக்கவும் தங்கச்சி என்று பதில் போட்டார்.

கடைசியில் சாத்தப்பனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. முதலிலேயே கூப்பிட்டிருக்கலாம். இரண்டு வருடமாக அவன் கம்பெனியோடு கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தான் என்பதால் தயங்கினாள்.

சாத்தப்பனும் அவளும் தேவகோட்டையில் ஒரே தெரு. அவளைவிட இரண்டு வயது சின்னவன். அவர்கள் வழக்கப்படி அக்காளை அழைக்கும் முறையில் அவளை ஆச்சி என்பான். பன்னிரண்டு வருடத்துக்கு முன், வலசை பிறந்தபோது, இருவரும் சென்னையில் அந்தக் கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். நர்ஸும் குமாஸ்தாவும் தாங்கள் பேசுகிற தமிழிலேயே புரோகிராம் எழுத வேண்டும் என்பதுதான் வலசையின் கனவு. அதற்காக ஒவ்வொரு ஊரிலும் ஜனங்கள் எந்தச் சொல்லை எந்த அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்று திரட்டி, 'பொருளேடு' என்று ஒன்று தயாரித்தார்கள். வாசிப்பான் ஒரு சொல்லைப் பார்த்ததும் பொருளேட்டைப் புரட்டி, இந்த இடத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ளும்.

அந்த நாட்கள்தான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தன. உமையாள் தன் வீட்டுப் பேச்சை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினாள். எங்கள் வீட்டில் போகிறேன் என்று சொல்ல மாட்டோம், வருகிறேன் என்போம். விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம், குளிர வை என்போம். அரிசியோ உப்போ தீர்ந்தால் இல்லை என்ற சொல் வாயில் வராது, நிறைஞ்சிருக்கு என்போம். டீம் லீடர் ஒரு பூனாக்காரர். தீர்ந்ததை நிறைந்தது என்றால் கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று சிரித்தார். சாத்தப்பன் விடவில்லை. ஒரு மணி நேரம் அவரோடு மல்லுக்கட்டி, அத்தனை சொல்லையும் பொருளேட்டில் ஏற்றினான். கடைசியில் எல்லாருமாக ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேன்டீனில் ஜிகர்தண்டா குடித்தார்கள்.

அந்தச் சாத்தப்பன்தான் போனை எடுத்ததும், “சொல்லுங்க ஆச்சி,” என்றான். குரல் மட்டும் கொஞ்சம் வயதாகியிருந்தது.

கேஸ் முடிந்துவிட்டதாம், சமாதானம் ஆகிவிட்டதாம். அவனுடைய இலவச வாசிப்பானை இனிமேல் யாரும் தடுக்க முடியாதாம். நாற்பது இடங்களில் ஓடுகிறது, பள்ளிக்கூடங்கள், பால் சொசைட்டிகள், இரண்டு நூலகங்கள் என்று அடுக்கினான். சமாதானம் எப்படி ஆயிற்று என்று அவள் கேட்டதற்கு, அதைப் பேசக்கூடாது என்று ஒப்பந்தம் ஆச்சி என்றான். ஆக்சிஜன் வேலை என்று அவள் சொன்னபோது, ஆக்சிஜனா என்று ஒரு தடவை கேட்டான். பிறகு அனுப்புகிறேன் என்றான்.

மறுநாளே வந்தது. கூடவே நாலு வரி: “ஆச்சி, கேட்டதை அனுப்பிட்டேன். உங்க பழைய ஒர்க்ஸ்டேஷன்லயே ஓடும். இலக்கணம் முழுசா இருக்கு. பொருளேடு நிறைஞ்சிருக்கு. பார்த்து நடத்துங்க.”

படித்ததும் உமையாளுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் ஆள் தன் ஆள்தான் என்று நினைத்துக்கொண்டாள். மூன்று நாள் சோதித்துப் பார்த்தாள். டாங்கி பாதியில் இருந்தது. அளவைச் சரியாகப் படித்தது, கட்டில்வாரியாக எவ்வளவு போகிறது என்று சொன்னது, அழுத்தம் கூடினால் குறைத்தது. ஆறு உயிர் மாட்டியிருக்கிற டாங்கியைக் காலி செய்து சோதிக்க முடியாது. அவனுக்கு மறுபடி போன் போட்டு, எல்லாம் சரியாத்தானே இருக்கு என்று கேட்டாள். ஓடும் ஆச்சி என்றான். இருபத்தொன்பதாம் தேதி கம்பெனி வாசிப்பானை நிறுத்திவிட்டுச் சாத்தப்பனுடையதை ஏற்றினாள்.

“புது ஆள் எப்படி?” என்றாள் பஞ்சவர்ணம்.

“நம்ம ஊரு ஆளு,” என்றாள் உமையாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு இருந்த பெருமையை நினைத்தால் பின்னாளில் அவளுக்கே கூசியது.

மாதம் பிறந்தால் வழக்கமாக வரும் லாரி முதல் தேதி வந்து டாங்கியை விளிம்புவரை நிரப்பிவிட்டுக் கிளம்பியது. கேட்டைத் தாண்டவில்லை, டிரைவர் திரும்பி வந்து போனைக் காட்டினார். இப்பத்தானே ஊத்தினேன், உடனே வாங்கன்னு மறுபடி கூப்பிடுது உங்க மிஷினு என்று சிரித்தார். உமையாளும் சிரித்தாள். பழைய செய்தி தாமதமாகப் போயிருக்கும் என்று நினைத்தாள். புது ஆள் வேலை பழகிக்கொள்ள ரெண்டு நாள் ஆகாதா என்று நினைத்தாள். அன்றைக்கு ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும். அவள் பார்க்கவில்லை.

பத்தாம் தேதி காலை பத்தே முக்கால் மணி. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போன சமயம். வார்டில் அழுத்த மணி அடித்தது. அந்த மணி அடித்தால் குழாயில் ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம். எட்டு வருடத்தில் அது அடித்ததே இல்லை. தலைமை நர்ஸ் ஸ்டெல்லா ஓடிப்போய்க் கையிருப்பு வரிசையைக் கையாலேயே திறந்தாள். பன்னிரண்டு சிலிண்டரும் காலியாக இருந்தன. ஒன்றிலும் அளவு காட்டும் முள் அசையவில்லை. இருந்த ஊழியர் எல்லாரும் ஆளுக்கொரு கட்டிலாகப் பாய்ந்து, ரப்பர் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து சிலிண்டர் வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

நாலாம் நம்பர் கட்டிலில் பையை அமுக்கியது உமையாள்தான். பஞ்சவர்ணம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச ஒரு வார்த்தைக்குக்கூட மூச்சில்லை. சிலிண்டர் வாசலுக்கு வந்தபோது அந்தப் பார்வை மட்டும் அப்படியே இருந்தது, ஆள் இல்லை.

மற்ற ஐந்து பேர் பிழைத்தார்கள். பஞ்சவர்ணத்தின் புருஷன் குவாரியிலிருந்து உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்தான். உமையாளிடம், மிஷின்ல என்ன கோளாறும்மா என்று மெதுவாகக் கேட்டான். பார்த்துச் சொல்றேண்ணே என்றாள். அவளுக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

கம்பெனிதான் ஏதோ நஞ்சு வைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஒர்க்ஸ்டேஷன் முன் உட்கார்ந்தாள். நடந்தவற்றின் பதிவு அதில் இருந்தது. முதல் தேதி டாங்கி நிரம்பிய அதே நிமிடம் கையிருப்பு வரிசை திறக்கப்பட்டிருக்கிறது, லாரி அழைக்கப்பட்டிருக்கிறது. நாலு நாளில் பன்னிரண்டு சிலிண்டரும் வீணாக வடிந்திருக்கின்றன. பத்தாம் தேதி டாங்கி காலியானபோது வாசிப்பான் ஒன்றுமே செய்யவில்லை. எல்லாம் தலைகீழ். புரோகிராமை மேலேயிருந்து படித்துக்கொண்டு வந்தாள். பதினேழாவது வரியில் அவள் எழுதிய வாக்கியம் இருந்தது: ஆக்சிஜன் நிறைந்தால் கையிருப்பைத் திற, வண்டிக்குச் சொல்.

எட்டு வருடத்துக்கு முன் அதை எழுதியபோது ஸ்டெல்லாகூட, நிறைஞ்சா எதுக்கு வண்டி என்று கேட்டிருந்தாள். நாகர்கோவில்காரி, அவளுக்கு அந்த வழக்கம் தெரியாது. உமையாள்தான் சிரித்துக்கொண்டே, தீர்ந்துபோச்சுன்னு உயிர்காக்கிற சாமானைப் பத்தி எழுத எனக்குக் கை வராது சிஸ்டர், எங்க வீட்டுல இப்படித்தான் என்று விளக்கினாள். சண்டை போட்டு ஏற்றிய சொல்லை ஒரு தடவையாவது கையாண்டு பார்க்கும் ஆசையும் இருந்தது. எட்டு வருடம் கம்பெனி வாசிப்பான் பொருளேட்டைப் பார்த்துச் சரியாகவே புரிந்துகொண்டது.

சாத்தப்பன் அனுப்பியதைப் பிரித்துப் பார்த்தாள். பொருளேடு என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தது. திறந்தால் உள்ளே ஒரே ஒரு சொல் இல்லை. பக்கம் பக்கமாக வெறும் வெள்ளை. புரட்டிப் பார்க்க ஏடு இல்லாத வாசிப்பான், நிறைந்தால் என்பதை ஊரார் அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டிருக்கிறது.

அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பியிருக்கிறான். முதல் காரியமாகப் பதினேழாவது வரியை அழித்தாள். ஐந்து பேர் உயிர் இன்னும் அந்தக் குழாயில்தான் இருந்தது. ‘ஆக்சிஜன் இல்லையென்றால்’ என்று அடித்தாள். பிறந்ததிலிருந்து வீட்டில் சொல்லாத சொல். அடிப்பதற்குள் விரல் இரண்டு தடவை நின்றது. பிறகு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படிக்கச் சொன்னாள். இது யாருக்கும் புரியும் என்றாள் ஸ்டெல்லா.

மறுநாள் காலை பஸ்ஸில் தேவகோட்டைக்குப் போனாள். சாத்தப்பன் வீட்டு முன்னறையில் ஒர்க்ஸ்டேஷன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். செய்தி அவனுக்கு எட்டியிருந்தது. வாங்க ஆச்சி என்று எழுந்து நின்றான். அவள் உட்காரவில்லை.

“பொருளேட்டை ஏண்டா வெறுமையா அனுப்பினே?”

அவன் முதலில் சொல்லக்கூடாது என்றுதான் ஆரம்பித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான். கோர்ட்டில் இலக்கணம் பொதுச்சொத்து என்று தீர்ப்பாகும்போல இருந்ததாம். கம்பெனி சமாதானத்துக்கு வந்ததாம். இலக்கணத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எந்தச் சொல்லுக்கு எந்த அர்த்தம் என்பது எங்களுடையது, பொருளேட்டை எடுத்துவிடு, எடுத்ததை வெளியில் சொல்லாதே, சொன்னால் நாற்பது இடத்திலும் வாசிப்பானை அழிப்போம் என்றார்களாம்.

“அவங்களுடையதா? எங்க அடுப்படியில பேசினது எப்படி அவங்களுடையதாகும்?”

“நாமதான் எழுதிக் குடுத்தோம் ஆச்சி. அன்னைக்குக் கையெழுத்துப் போட்டமே, ஜிகர்தண்டா குடிச்ச அன்னைக்கு. அந்தக் காகிதம்தான் அது. சொல்லை நீங்க எங்கே வேணாலும் பேசலாம். மிஷின்ல அந்த அர்த்தத்துல கையாள மட்டும் உங்களுக்கு உரிமை கிடையாது.”

பன்னிரண்டு வருடத்துக்கு முன் சந்தோஷமாகப் போட்ட கையெழுத்து உமையாள் கண்ணில் வந்து நின்றது. அதற்கு அவள் யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது. ஆனால் இவன் மேல் இருந்த கோபம் அதனால் குறையவில்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன் ஆச்சி.”

“எப்போ?”

“எழுதினேனே. நாலு வரி. எடுத்துப் பாருங்க.”

போனை எடுத்தாள். இலக்கணம் முழுசா இருக்கு. பொருளேடு நிறைஞ்சிருக்கு. தினம் ஒரு தடவையாவது பார்த்துப் பூரித்த அந்த வரியை இப்போது திரும்பப் படித்தாள். இலக்கணத்துக்கு ஒரு சொல், பொருளேட்டுக்கு இன்னொரு சொல். ஏன் இரண்டு சொல் என்று அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுப்பதுபோல அந்த வரி காதில் விழுந்தது. உப்பு நிறைஞ்சிருக்கு, கடைக்கு ஆள் அனுப்பு.

“கம்பெனி வக்கீல் என் கடுதாசி எல்லாத்தையும் பார்க்கிறான். அவனுக்கு அது புரியாது. உலகத்துல வேற யாருக்குப் புரியாட்டியும் உங்களுக்குப் புரியும்னு நம்பி எழுதினேன்,” என்றான் சாத்தப்பன். அவன் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அந்தச் சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவளே அவள். இருக்கிறது என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று பத்து நாள் அலைந்த மனசு, இருக்கிறது என்றே படித்துவிட்டது. சாத்தப்பனின் வாசிப்பான் செய்த அதே தப்பைத்தான் அவளும் செய்திருக்கிறாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அதோடு இன்னொன்றும் வந்தது.

“நான் ஆக்சிஜன்னு சொன்னேன். சொல்லிட்டு உனக்கு மறுபடி போன் போட்டேன். எல்லாம் சரியாத்தானே இருக்குன்னு வாய் திறந்து கேட்டேன். என் புரோகிராம்ல அந்தச் சொல் இருக்கும்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?”

சாத்தப்பன் தரையைப் பார்த்தான்.

“அன்னைக்கு ஓடும்னு சொன்னியே.”

“நாப்பது இடம் ஆச்சி,” என்றான். “என் அஞ்சு வருஷம்.”

“உசுருக்குப் போற குழாயில ஜாடை பேசலாமா சாத்தப்பா? இல்லைன்னு ஒரு சொல்லு. அது இன்னும் யாருக்கும் சொந்தமில்லையே.”

உள்ளேயிருந்து அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேரும் தொடாமல் அது ஆடை கட்டியது. உமையாள் போனைப் பைக்குள் வைத்தாள். மேலவயலில் வெள்ளைத் தூசியோடு ஒரு மனிதன், என்ன கோளாறு என்ற பதிலுக்காகக் காத்திருக்கிறான். அவனிடம் எந்தச் சொல்லைச் சொல்வது என்று யோசித்தாள். ஒரு சொல்தான் கோளாறு என்று சொன்னால் அவனுக்கு அது போதுமா.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று திரும்பினாள். முப்பது வருடமாக அந்த வீட்டு வாசலில் நின்று அவள் சொல்லும் வார்த்தை ஒன்றுதான். அவனும் அதற்காகவே எழுந்து வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“போறேன்,” என்றாள் உமையாள்.

அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். அவனுக்குப் புரிந்தது.